இரண்டடி மீன்தொட்டிக்கு வீட்டில் செய்யும் விளக்கு: எது, எதற்காக?

நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 15 என்ற அளவிலான கண்ணாடித் தொட்டி, நம் ஊரில் பல வீடுகளுக்குள் முதலில் வந்து சேரும் மீன்தொட்டியாகும். சென்னைக் கொளத்தூரில் வாங்கினாலும் சொந்த ஊர் மீன்கடையில் வாங்கினாலும் அதன் மூடியில் ஒரு சிறிய விளக்கு பொருத்தித் தரப்படுவது வழக்கம். கப்பியையும் மோலியையும் பார்த்து மகிழ அந்த வெளிச்சம் போதும். செடி வளர்க்கப் போதாது. செடிகளுக்கென்று விற்கப்படும் விளக்குகளின் விலையைக் கேட்ட பிறகு, நாமே ஒன்றைச் செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. அப்படி முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "எத்தனை வாட் வேண்டும்?" என்பதைத்தான். நான் அந்தக் கேள்வியை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். தண்ணீருக்கு மேலே எத்தனை வோல்ட் நிற்கப்போகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இன்று கிடைக்கும் எந்த எல்.இ.டி. விளக்கைக் கொண்டும் இரண்டடித் தொட்டிக்குத் தேவையான ஒளியை 20 முதல் 35 வாட்டுக்குள் பெற்றுவிட முடியும். ஆகவே ஒளியின் அளவில் பல்பு, ட்யூப் லைட், ஃப்ளட் லைட், நாடா வடிவ ஸ்ட்ரிப் என்ற வகைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. மின்பாதுகாப்பு, வெப்பம், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஆகியவற்றில்தான் அவை வெகுவாக வேறுபடுகின்றன.

ஆயினும் ஒளியின் தேவையை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. மேற்சொன்ன தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 71 லிட்டர். அடியில் இரண்டு அங்குல மண்ணும் மேலே ஓர் அங்குல இடைவெளியும் போக, உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 57 லிட்டர்தான். செடி வளர்ப்போர் பின்பற்றும் தோராயக் கணக்கின்படி, லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் (விளக்கு வெளிவிடும் ஒளியின் அலகு) வரை குறைந்த ஒளி, 20 முதல் 40 வரை நடுத்தர ஒளி, அதற்கு மேல் அதிக ஒளி. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்றவை குறைந்த ஒளியிலேயே நன்றாக வாழும். கிரிப்டோகோரைன் வென்டீ இலங்கையின் நிழல் படிந்த ஓடைகளுக்கு உரிய செடி என்பதை நினைவில் வைத்தால், அது ஏன் கடும் வெளிச்சத்தை நாடுவதில்லை என்பது விளங்கும். வாலிஸ்நேரியாவும் ஹைக்ரோஃபிலாவும் நடுத்தர ஒளியில் செழிக்கும். ரோட்டாலா செக்கச்சிவக்க வரவேண்டும், தரை முழுவதும் புல்வெளிபோல் படரவேண்டும் என்று விரும்பினால் மட்டுமே அதிக ஒளி தேவை; அப்போது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ஒழுங்கான உரமும் கட்டாயம் தேவைப்படும். அவை இல்லாமல் ஒளியை மட்டும் கூட்டினால், செடியால் பயன்படுத்த முடியாத அந்த ஒளியில் பாசிதான் செழிக்கும். எனவே சிலிண்டர் இல்லாத சாதாரணத் தொட்டிக்கு லிட்டருக்கு 25 லூமன் என்ற கணக்கில் ஏறத்தாழ 1,400 லூமன் இலக்காகப் போதும். சிலிண்டர் உள்ள தொட்டிக்கு 2,300 லூமன் அளவில் வேண்டும்.

தண்ணீருக்குள் இறங்க இறங்க ஒளி வெகுவாகக் குறைந்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. பதினைந்து அங்குல ஆழத்தில் அந்த அச்சம் அவசியமற்றது. மேற்பரப்பின் வழியே உள்ளே நுழையும் கதிர்கள் நீரில் விலகிச் செங்குத்தை நோக்கி வளைவதால், அவற்றுள் பெரும்பகுதி பக்கக் கண்ணாடியை மிகச் சாய்வான கோணத்தில் சென்று தொடுகிறது. அந்தக் கோணத்தில் கண்ணாடிக்கு வெளியே உள்ள காற்றுக்குத் தப்பிச் செல்ல முடியாமல் முழு அக எதிரொளிப்பால் மீண்டும் தண்ணீருக்குள்ளேயே திரும்புகிறது. அதாவது தொட்டியின் நான்கு சுவர்களும் ஒளிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகவே வேலை செய்கின்றன. இதைவிட அதிக ஒளியை விழுங்குவது மேல்மூடிக் கண்ணாடியில் படியும் வெள்ளை உப்புப் படிவம். ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளில் அதை வாரந்தோறும் துடைக்காவிட்டால், எந்த விளக்கை வாங்கியும் பயனில்லை.

இனி வகைகளுக்கு வருவோம். குழல்விளக்கையும் சி.எஃப்.எல். பல்பையும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பல ஆண்டுகள் செடித்தொட்டிகளை அவைதாம் வளர்த்தன என்பது உண்மை. ஆனால் குழலின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் நல்ல பிரதிபலிப்பான் இல்லாமல் பாதி மேலே வீணாகிறது; சுருள் வடிவ சி.எஃப்.எல். தன் சுருளாலேயே தன் ஒளியை மறைத்துக்கொள்கிறது; சோக் தனியாக மின்சாரத்தை விழுங்குகிறது; உள்ளே பாதரசம் இருப்பதால் தொட்டிக்கு மேல் உடைந்தால் ஆபத்து. மேலும், மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடி, பொது ஒளியூட்டலுக்கான ஃப்ளோரசென்ட் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டோடு முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டுள்ளன; இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. மாற்றுக் குழல் கிடைப்பதே அரிதாகப்போகும் ஒரு விளக்கைப் புதிதாகச் செய்வதில் பொருளில்லை. ஏற்கெனவே வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துவோர், அது எரியும் வரை பயன்படுத்தட்டும்.

அடுத்தது, எல்லோரும் முதலில் நினைக்கும் வழி: சாதாரண எல்.இ.டி. பல்புகள். 9 வாட் பல்பு ஒன்று சுமார் 900 லூமன் தருகிறது. இரண்டை மாட்டினால் நம் இலக்கைத் தாண்டிவிடலாம். தெருமுனைக் கடையில் கிடைக்கும், எரிந்துபோனால் உடனே மாற்றலாம், 6,500 கெல்வின் வெண்ணொளி செடிகளுக்கு முற்றிலும் ஏற்றது. இத்தனை நன்மைகள் இருந்தும் இந்த வழியை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். பல்பில் குறை எதுவும் இல்லை. தயக்கம் ஹோல்டரைப் பற்றியது. சாதாரண ஹோல்டரின் உள்ளே 230 வோல்ட் தாங்கிய பித்தளை முனைகள் காற்றுக்குத் திறந்தே இருக்கின்றன. தொட்டிக்கு மேல் எப்போதும் ஈரக்காற்று எழுந்துகொண்டிருக்கிறது. காற்றுக் குமிழிகள் வெடிக்கும்போது நுண்துளிகளும் தெறிக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ப்ளைவுட்டில் நானே செய்த ஒரு மூடிக்குள் இரண்டு ஹோல்டர்களைப் பொருத்தியிருந்தேன். ஆறு மாதம் நன்றாகவே எரிந்தது. ஒரு நாள் செடியின் பழுத்த இலையை எடுக்கத் தண்ணீருக்குள் கையை விட்டபோது விரல் முதல் முழங்கை வரை சுரீரென்று ஏறியது. கழற்றிப் பார்த்தால், ஹோல்டரின் உட்புறம் பச்சைப் பூத்து, ஊறிய மரத்தின் வழியே மின்கசிவு தொட்டியின் விளிம்பு வரை வந்திருந்தது. காலில் செருப்பு இருந்ததால்தான் அது சிறு அதிர்ச்சியோடு நின்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வோல்ட் பற்றிய கேள்வியை நான் முதலிடத்தில் வைப்பதற்கு அந்த நாளே காரணம்.

பல்பைப் பயன்படுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், மூடிக்குள் அடைக்காமல், மேசை விளக்குபோல் வெளியே நிற்கும் தாங்கியில், தண்ணீரிலிருந்து குறைந்தது ஓர் அடி உயரத்தில் வைக்க வேண்டும். அடைத்த மூடிக்குள் பல்பின் அடிப்பகுதி மேல்நோக்கி இருக்கும்போது எழும் வெப்பமெல்லாம் அதன் மின்சுற்றிலேயே தங்குவதால் ஆயுளும் குறைகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் கூடும் என்பதற்காகப் பல்பின் வெள்ளைக் குமிழைக் கழற்றிவிட்டு மாட்டும் பழக்கம் சிலரிடம் உள்ளது. பெரும்பாலான பல்புகளில் உள்ளிருக்கும் சுற்று, வீட்டு மின்தடத்திலிருந்து தனிப்படுத்தப்படாதது. குமிழைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு ஈயப்பொட்டும் மின்சாரம் பாயும் முனையே. தண்ணீருக்கு மேல் அதைத் தொங்கவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

இரண்டடி எல்.இ.டி. ட்யூப் லைட், அதாவது பேட்டன், பல்பைவிடப் பலவகையில் மேலானது. 10 வாட் பேட்டன் ஒன்று சுமார் 1,000 லூமன் தரும். இரண்டை இணையாக வைத்தால் தொட்டியின் நீளம் முழுவதும் ஒரே சீராக ஒளி விழும், மூலைகள் இருண்டு கிடக்காது. உறை பிளாஸ்டிக் என்பதால் கைபடும் இடத்தில் உலோகம் இல்லாத வகைகள் கிடைக்கின்றன. வயரை இணைக்க ஈயம் வைக்கத் (சால்டரிங்) தெரியாதவர்களுக்கும் செலவைக் குறைக்க விரும்புவோருக்கும் இது மிக நேர்மையான தெரிவு. ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளியைப் பார்த்தால் நான் பிறகு சொல்லப்போகும் ஸ்ட்ரிப்பைவிட இதுவே சிக்கனமானது. நாளுக்கு ஏழு மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு நாலே கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். குறை என்னவென்றால், இதன் முனை மூடிகள் நீர்புகாதவை அல்ல, உள்ளே இருப்பதும் 230 வோல்ட்தான். ஆகவே கண்ணாடி மூடியின் மீது நேரடியாகக் கிடத்தாமல், தொட்டியின் பக்கங்களில் நிறுத்திய கால்களின் மேல் ஆறு அங்குல உயரத்தில் திருகால் முடுக்கிப் பொருத்த வேண்டும். கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் ஒரு நாள் அறுந்து விழும் வாய்ப்பு உண்டு. ஒளியைக் குறைக்க வேண்டுமானால் ஒன்றை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மின்விசிறி ரெகுலேட்டரோடு இணைத்தால் இவை மினுக்கும், விரைவில் கெட்டும் போகும்.

ஃப்ளட் லைட்டைப் பலர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐ.பி. 65 என்ற குறி. தூசி புகாது, எத்திசையிலிருந்தும் பீய்ச்சப்படும் தண்ணீரைத் தாங்கும் என்பதே அதன் பொருள். ஆனால் அந்தக் காப்பு விளக்கின் உடலுக்கு மட்டுமே. அதிலிருந்து வெளியே நீளும் கால் மீட்டர் வயரின் நுனியில் நாம் போடும் இணைப்புக்கு அந்த உறுதி இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மெல்லிய, விலை குறைந்த ஃப்ளட் லைட்டுகள் பலவற்றில் தனி டிரைவர் (வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றவாறு மாற்றும் சுற்று) இல்லை, எல்.இ.டி.க்களும் சுற்றும் ஒரே அலுமினியப் பலகையில், வீட்டு மின்தடத்தோடு நேரடித் தொடர்பில் அமைந்திருக்கின்றன. பலகைக்கும் உலோக உடலுக்கும் நடுவே இருப்பது மெல்லிய காப்புப் படலம் மட்டும். அது பழுதானால் உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். அந்த நேரத்தில் நம்மைக் காப்பது எர்த் எனப்படும் பச்சை வயர் ஒன்றுதான். அதை வெட்டிவிட்டு இரண்டு முனைப் ப்ளக் மாட்டுவது நம் வீடுகளில் எத்தனை சாதாரணமாக நடக்கிறது என்பதை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. மூன்று முனைப் ப்ளக், உண்மையில் எர்த் உள்ள ப்ளக் பாயின்ட், இரண்டும் இருந்தால் மட்டுமே ஃப்ளட் லைட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த நிபந்தனை நிறைவேறினால் ஃப்ளட் லைட்டின் சிறப்பை மறுக்க முடியாது. ஒளி சிறிய பரப்பிலிருந்து புறப்படுவதால், நீர் அசையும்போது தரையில் ஒளியலைகள் நெளிந்து ஓடும். குளத்தின் அடியில் வெயில் விழுவதைப் போன்ற அந்தக் காட்சியைப் பேட்டனோ ஸ்ட்ரிப்போ தருவதில்லை. பதினெட்டு அங்குலத்துக்கு மேல் ஆழமான தொட்டிகளுக்கும் இதன் வீச்சு உதவும். நம் இரண்டடித் தொட்டிக்கு 20 வாட் ஒன்றைவிட 10 வாட் இரண்டே சிறந்தது; ஒன்றை மட்டும் நடுவில் வைத்தால் நடுவிலுள்ள செடிகளில் பாசி படரும், ஓரங்கள் வாடும்.

நட்சத்திர வடிவப் பலகையில் வரும் 3 வாட் எல்.இ.டி.க்களைத் தனித்தனியாக வாங்கி, வெப்பம் கடத்தும் பசையோடு அலுமினிய வெப்பமாற்றியில் பொருத்தி, மாறா மின்னோட்ட டிரைவரால் இயக்குவது இன்னொரு வழி. எலக்ட்ரானிக்ஸில் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பெரும் மகிழ்ச்சி தரும் வேலை. வெப்பமாற்றி போதாவிட்டால் எல்.இ.டி. சில நிமிடங்களிலேயே கருகிவிடும். பதினைந்து அங்குல ஆழத்துக்கு அவ்வளவு செறிவான ஒளி தேவையே இல்லை என்பதால் இதை இங்கே விரித்துரைக்கவில்லை.

நான் இப்போது என் தொட்டிக்குப் பயன்படுத்துவதும், ஓரளவு கைவேலை தெரிந்தவர்களுக்குப் பரிந்துரைப்பதும் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப். இங்கே 230 வோல்ட் அடாப்டரோடு நின்றுவிடுகிறது. தொட்டிக்கு மேல் வருவது 12 வோல்ட் மட்டுமே. ஸ்ட்ரிப் முழுவதுமாகக் கழன்று தண்ணீருக்குள் விழுந்தாலும் கையை விட்டு எடுத்துவிடலாம். இந்த உறுதி, நல்ல அடாப்டர் ஒன்றைச் சார்ந்தது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் முறையாகப் பிரிக்கும், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் கொண்ட அடாப்டரையே வாங்க வேண்டும். வேறு எதில் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்கலாகாது.

ஸ்ட்ரிப்பில் பலவகை உண்டு. மீட்டருக்கு 60 எல்.இ.டி. கொண்ட 5050 வகை, மீட்டருக்கு 14.4 வாட் எடுத்துச் சுமார் 1,000 லூமன் தரும். மூன்று எல்.இ.டி.க்களும் ஒரு மின்தடையும் சேர்ந்தது ஓர் அலகு என்பதால் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு முறைதான் வெட்ட முடியும். நம் தொட்டிக்கு 55 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு வரிசை வைத்தால் மொத்தம் 2.2 மீட்டர், அதாவது சுமார் 32 வாட், 2.6 ஆம்பியர். 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் சூடேறாமல் இதைத் தாங்கும். பெயரளவில் 2,200 லூமன் என்றாலும் சிலிகான் பூச்சிலும் மேல்மூடியிலும் இழப்பது போக 1,800 அளவில் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு இது தேவைக்குச் சற்று அதிகம். அதைக் குறைக்க அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே ஒரு சிறிய டிம்மரைச் சேர்த்தால் போதும். தொட்டியில் பாசி தலைகாட்டும்போது ஒளியைக் கால் பங்கு குறைத்துப் பார்க்க முடிவது எத்தனை பெரிய வசதி என்பதை, பாசியோடு மாதக்கணக்கில் போராடியவர்கள் அறிவார்கள்.

நிறத்திலும் இங்கே உரிமை இருக்கிறது. மூன்று வரிசை 6,500 கெல்வின் வெண்ணிறமும் ஒரு வரிசை 3,000 கெல்வின் மஞ்சள் வெண்ணிறமும் கலந்து வைத்தால், பின்னதில் உள்ள சிவப்பு அலைகளால் செடிகளின் செம்மையும் மீன்களின் நிறமும் உயிர்பெறுகின்றன. ஊதா நிறத்தில் ஒளிரும் 'க்ரோ லைட்' ஸ்ட்ரிப்பும் கிடைக்கிறது. செடி அதில் வளரும், ஆனால் பார்ப்பதற்காகவே வைத்திருக்கும் தொட்டி பார்க்கச் சகியாததாகிவிடும்.

குறைகளும் சொல்லப்பட வேண்டும். ஸ்ட்ரிப்பின் மின்தடைகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் வெப்பமாகப் போகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் மரப்பலகையிலோ பிளாஸ்டிக் மூடியிலோ ஒட்டினால் ஓராண்டுக்குள் ஒளி மங்கிவிடும். சித்திரை வெயிலில் ஒட்டுநாடா இளகி ஸ்ட்ரிப் தொங்கத் தொடங்கும். அதனால் அலுமினியப் பட்டையிலோ சேனலிலோ மட்டுமே ஒட்ட வேண்டும். இரு முனைகளிலும் சிறு பிடிப்பான்களால் அழுத்திவிடுவதும் நல்லது. பூச்சற்ற ஸ்ட்ரிப் சற்றுக் கூடுதல் ஒளி தந்தாலும் ஈரத்தில் அதன் செம்புத்தடம் அரித்துவிடும். சிலிகான் பூச்சுள்ளதை வாங்கி, வெட்டிய முனைகளையும் ஈயம் வைத்த இடங்களையும் மீன்தொட்டி ஒட்டப் பயன்படும் அதே சிலிகானால் மூட வேண்டும். நான்கு வரிசைகளையும் ஒன்றன் நுனியில் மற்றொன்றாகத் தொடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் அடாப்டர் பக்கத்திலிருந்தே தனி வயர் கொடுத்தால் எல்லா வரிசையும் ஒரே அளவில் ஒளிரும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்ட்ரிப், சேனல், டிம்மர், அடாப்டர் நான்கும் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

எனவே என் பரிந்துரை ஆளைப் பொறுத்து மாறுகிறது. ஈயம் வைக்கத் தெரிந்தவர், அல்லது கற்க விரும்புபவர், வீட்டில் சிறுவர்கள் தொட்டிக்குள் கைவிடும் வாய்ப்பு உள்ளவர் ஸ்ட்ரிப்பையே செய்யட்டும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும் வைத்து, ஒரே மாலையில் வேலையை முடிக்க விரும்புபவருக்குக் கால்களின் மேல் நிறுத்திய ஒரு பேட்டனே போதும். இரண்டாவது கூடத் தேவைப்படாது. மூன்றடி, நான்கடி நீளமும் ஒன்றரை அடிக்கு மேல் ஆழமும் கொண்ட தொட்டி வைத்திருப்பவர், எர்த் இணைப்பைத் தகுந்த எலக்ட்ரீஷியனிடம் சோதித்த பிறகு ஃப்ளட் லைட்டுக்குப் போகலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ப்ளக் பாயின்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், பாதுகாப்பாக இருக்க வேண்டும். விளக்கு 12 வோல்ட் என்றாலும் அதே தொட்டியில் கிடக்கும் ஃபில்டரும் மோட்டாரும் 230 வோல்ட்தானே.

தொட்டியில் தண்ணீர் நிரப்புவதற்கு முன், விளக்கை அதன் இடத்தில் வைத்து, லக்ஸ் அளக்கும் செயலி உள்ள கைபேசியைத் தரையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து அளந்து பாருங்கள். 6,500 கெல்வின் எல்.இ.டி. ஒளியில் சுமார் 70 லக்ஸ் என்பது செடிகள் பயன்படுத்தும் ஒளியின் ஓர் அலகுக்குச் சமம். எளிய செடிகளுக்கு 15 முதல் 30 அலகு வரை, அதாவது தரையில் ஏறத்தாழ 1,000 முதல் 2,100 லக்ஸ் வரை போதும். கைபேசியின் அளவீடு துல்லியமானதல்ல. ஆனால் நடுவில் 2,000 காட்டி மூலையில் 600 காட்டினால், வரிசைகளை இன்னும் பரப்பி ஒட்ட வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்லிவிடும்.

டைமர் இல்லாமல் இந்த வேலை முடிவதில்லை. சுற்றும் முகப்புக் கொண்ட மெக்கானிக்கல் டைமர் விலை குறைவு. ஆனால் மின்வெட்டின்போது அதுவும் நின்றுவிடுவதால் ஒவ்வொரு வெட்டுக்கும் நேரம் பின்தங்கி, மாலை ஐந்து மணிக்கு எரிய வேண்டிய விளக்கு சில வாரங்களில் இரவு எட்டுக்கு எரியத் தொடங்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை வாங்குவதே சரி. அடாப்டரைத் தொட்டியின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் சுவரில் மாட்டி, அதற்கு வரும் வயர் ப்ளக் பாயின்டை அடையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறுமாறு விடுங்கள். வயர் வழியே வழியும் துளி அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது. முதல் மூன்று வாரங்கள் டிம்மரைப் பாதியில் நிறுத்தி, நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். புதிய இலைகள் விடத் தொடங்கி, கண்ணாடியில் பாசி படியாமல் இருந்தால் வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி, எட்டு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.